பறக்கும் முன் சோதனை

திருப்பதி மாவட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா அமைந்துள்ளது. அங்கிருந்து 2013 ஆகஸ்ட் 19 அன்று மாலை ஜிஎஸ்எல்வி டி5 ஏவூர்தி புறப்படவிருந்தது. 74 நிமிடங்களே எஞ்சியிருந்தபோது, அதன் இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிவது தெரிந்தது. உடனே இறங்குமுக எண்ணிக்கை நிறுத்தப்பட்டது.

அறிவியலாளர்கள் காரணத்தை ஆராய்ந்தனர். வேறு உலோகக் கலவையால் செய்த எரிபொருள் தொட்டியுடன் புதிய இரண்டாம் நிலை பொருத்தப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று ஏவூர்தி எழுந்து, ஜிசாட் 14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இந்தியாவில் உருவான கிரையோஜெனிக் இயந்திரம் முதன்முதலாக வெற்றி கண்ட நாளும் அதுவே.

வானில் எழுந்த ஊர்தியை நிறுத்திச் சீர்செய்ய இயலாது. ரேடியோவால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டருக்கும் இது பொருந்தும். இறக்கைகளில் விரிசல் உண்டா, திருகாணிகள் தளர்ந்துள்ளனவா, மின்கலத்தில் போதிய மின்னேற்றம் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். விரைந்து சுழலும்போது சிறு விரிசலும் இறக்கையை முறித்துவிடும். முதலில் கைக்கருவியை இயக்கி, பின்னரே ஹெலிகாப்டருக்கு மின்னிணைப்புத் தருதல் வேண்டும். இல்லையேல் இறக்கைகள் எதிர்பாராமல் சுழலக்கூடும். தரையிறங்கியபின் ஹெலிகாப்டரின் மின்னிணைப்பையே முதலில் துண்டித்தல் வேண்டும்.

குறையைக் கண்டு நிறுத்துவது தோல்வியன்று. வருமுன் காத்தலே ஆகும்.

அருஞ்சொற்பொருள்
ஏவூர்தி – ராக்கெட்
விரிசல் – சிறு பிளவு
தளர்தல் – இறுக்கம் குறைதல்

வினாக்கள்
1. ஏவூர்தியின் பயணம் ஏன் நிறுத்தப்பட்டது?
2. கைக்கருவியை முதலில் இயக்குவது ஏன்?
3. உன் மிதிவண்டியை ஓட்டுமுன் எவற்றைச் சோதிப்பாய்? மூன்று தொடர்களில் எழுதுக.