எஞ்சின் மாற்றமும் திருட்டுத் தடுப்புச் சாதனமும்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் எஞ்சினை மாற்றுவது பெரும்பாலும் இரும்பு வேலையாகவே இருந்தது. தாங்கிகள் பொருந்தி, கியர்ப்பெட்டி இணங்கி, கார்புரேட்டருக்குப் பெட்ரோலும் தீப்பொறிச் சுருளுக்கு மின்சாரமும் கிட்டினால் எஞ்சின் ஓடிற்று. இக்காலத்துக் கார்களிலோ, இவை யாவும் செவ்வனே அமைந்த பின்னரும் எஞ்சின் கிளம்ப மறுப்பதுண்டு. அல்லது கிளம்பிய ஓரிரு நொடிகளில் அணைந்துவிடுவதுண்டு. பல வேளைகளில் கோளாறு எஞ்சினில் இராது. தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட ‘இம்மொபிலைசர்’ என்னும் திருட்டுத் தடுப்புச் சாதனம் தன் கடமையைச் செய்கிறது என்பதே பொருள்.

இச்சாதனம் இயங்கும் முறையை முதலில் நோக்குவோம். சாவியின் தலைப்பகுதியில் ஒரு சிறு மின்னணுச் சில்லு புதைந்துள்ளது. இச்சில்லுக்குத் தனி மின்கலம் வேண்டுவதில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி அமைந்த கம்பிச் சுருளில், பெரும்பாலும் நொடிக்கு 1,25,000 அலைவுகள் கொண்ட மின்னோட்டம் பாய்கிறது. 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதிப்படி, சாவிக்குள் இருக்கும் நுண்சுருளில் மின்சாரம் தோன்றிச் சில்லை இயக்குகிறது. முந்தைய வகைச் சில்லுகள் மாறாத எண் ஒன்றையே அறிவித்தன. பிந்தைய வகைகளில் கார் ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்ப, சில்லு தன்னிடமுள்ள இரகசிய எண்ணைக் கொண்டு கணக்கிட்டு விடை பகர்கிறது. இரகசிய எண் மட்டும் வெளியே செல்வதில்லை. விடை சரியானால்தான் எஞ்சினை ஆளும் கணினி எரிபொருளைச் செலுத்தும்.

ஆகவே சாவிச் சில்லு, இம்மொபிலைசர், எஞ்சின் கணினி ஆகியவை ஒன்றையொன்று அறிந்த ஒரே குடும்பமாகும். வேறொரு காரின் எஞ்சினோடு அதன் கணினியை மட்டும் கொணர்ந்தால், அது தன் பழைய துணைகளின் விடைக்காகக் காத்து நிற்கும். இதற்கு முறையான வழிகள் மூன்று.

முதலாவது: புதிய எஞ்சினும் பழையதும் ஒரே வகையாயின், காரின் சொந்தக் கணினியையும் சாவியையும் வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றலாம். இதுவே எளிது.

இரண்டாவது: வகை வேறாயின், எஞ்சின் வந்த காரிலிருந்தே கணினி, இம்மொபிலைசர், சாவிச் சுருள், சாவி ஆகிய அனைத்தையும் ஒருங்கே பெயர்த்துப் பொருத்த வேண்டும். சில கார்களில் இம்மொபிலைசர் வேகமானிப் பலகைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

மூன்றாவது: உற்பத்தியாளரின் பணிமனையில், உரிமைச் சான்றைக் காட்டி, இரகசியக் குறியீட்டின் உதவியால் உறுப்புகளை மீண்டும் இணக்குவித்தல். பழைய கணினி மறு இணக்கத்தை ஏற்காத கார் வகைகளும் உள்ளமையால், முன்னரே விசாரித்தறிவது அவசியம்.

இவற்றை விடுத்து, கணினியிலிருந்து இச்சோதனையையே அழித்துவிடுவோரும் உளர். வேலை விரைவில் முடியும். ஆயின் அதன்பின் வெறும் இரும்புச் சாவியின் படியொன்றே அக்காரைக் களவாடப் போதுமானதாகிவிடும்.

எஞ்சின் மாற்றம் சட்டத்திற்கும் உட்பட்டது. நம் நாட்டில் ஒரு கார் வகை விற்பனைக்கு வருமுன், அங்கீகாரம் பெற்ற நிலையமொன்று அதனைச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். 1966-ல் நிறுவப்பெற்று, புனே நகரின் கோத்ருட் பகுதியிலுள்ள குன்றின்மீது இயங்கிவரும் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் அத்தகைய நிலையங்களுள் ஒன்று. சான்றளிக்கப்பட்ட அமைப்பினை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே பதிவு அதிகாரியின் முன் அனுமதியைப் பெற்று, புதிய எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றிதழில் ஏற்றுவித்தல் வேண்டும். திருட்டு எஞ்சின்கள் புழங்காவண்ணம் காப்பதில் இப்பதிவிற்கும் பங்குண்டு.

ஆதலால் எஞ்சினுக்கு விலை பேசும்பொழுதே, அதற்குரிய கணினி, சாவி, விற்பனை இரசீது ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுக. அவற்றைத் தர இயலாதவரிடம் எஞ்சினை வாங்காதிருப்பதே நலம்.