ஒரு பல் குறைத்தால் என்ன ஆகும்? எக்ஸெலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் எக்ஸெலை ஒருமுறை திறந்து பார்ப்பார்கள். வெறும் கட்டங்களாக இருக்கிறதே என்று மூடிவிடுவார்கள். அது அலுவலகத்துக்கு மட்டும் என்ற எண்ணம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள்தான் எனக்கு எக்ஸெலைக் கற்றுக் கொடுத்தது.

எங்கள் ஊர் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை. என் மச்சான் ஒரு 100 சிசி வண்டியில் மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு, போளூர் வழியாக ஜவ்வாது மலை மேல் உள்ள ஜமுனாமரத்தூருக்குப் போய் வருகிறார். மலைப்பாதை வளைவுகளில் சுமையோடு ஏறும்போது வண்டி திணறும். கிளட்சை அரைகுறையாகப் பிடித்தே ஓட்டியதால் கிளட்ச் பிளேட்டும் சீக்கிரம் தேய்ந்தது. பெளர்ணமி நாளில் கிரிவலக் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போதும் இதே தொல்லை.

"முன் ஸ்பிராக்கெட்டை மாற்றினால் இழுவை கூடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மச்சான் என்னிடம் வந்தார். "மாமா, இப்ப 14 பல்லு இருக்கு. பல்லு ஜாஸ்தி ஆனா இழுவையும் ஜாஸ்திதானே? 15 வாங்கிடவா?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனாலும் காசு கொடுத்து வாங்கும் முன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

நீங்களும் கூடவே செய்து பாருங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில் செய்யலாம். பார்முலாக்கள் இரண்டிலும் ஒன்றுதான். செல் பெயர்களை இங்கே தமிழில் தந்திருக்கிறேன். கீபோர்டில் அவற்றை ஆங்கில எழுத்தாக டைப் செய்யவும்.

முதல் பாகம்: விகிதம்

1. பி1 செல்லில் "இப்போது" என்றும், சி1 செல்லில் "மாற்றிய பின்" என்றும் டைப் செய்யுங்கள்.

2. ஏ2-ல் "முன் பல்", ஏ3-ல் "பின் பல்", ஏ4-ல் "விகிதம்", ஏ5-ல் "மாற்றம் சதவீதம்" என டைப் செய்யுங்கள்.

3. பி2-ல் 14, பி3-ல் 42 கொடுங்கள். இவை நாங்கள் வண்டியில் எண்ணிப் பார்த்தவை. உங்கள் வண்டியில் நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். சி2-ல் 15, சி3-ல் 42 கொடுங்கள்.

4. பி4 செல்லைக் கிளிக் செய்து = குறியை அடியுங்கள். மவுஸால் பி3-ஐக் கிளிக் செய்து, / குறியை அடித்து, பி2-ஐக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். =பி3/பி2 என்ற பார்முலா அமைந்து 3 என விடை வரும். முன் சக்கரம் மூன்று சுற்று சுற்றினால் பின் வீல் ஒரு சுற்று சுற்றும் என்பது இதன் பொருள்.

5. பி4 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து சி4 வரை இழுங்கள். அங்கே 2.8 வரும்.

6. சி5-ல் =(சி4/பி4-1)*100 என்று கொடுங்கள்.

விடை மைனஸ் 6.67. மச்சானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 15 பல் வாங்கியிருந்தால் இழுவை கூடாது, குறைந்திருக்கும்! பின் ஸ்பிராக்கெட்டில் பல் கூடினால்தான் இழுவை கூடும். முன்னால் அதற்கு நேர்மாறு. ஏற்கெனவே திணறும் வண்டி, சுமையோடு வளைவில் நின்றே போயிருக்கும்.

இப்போது சி2-ல் 15-ஐ அழித்து 13 என மாற்றி என்டர் தட்டுங்கள். மற்ற செல்கள் தாமாகவே மாறும். விகிதம் 3.23, மாற்றம் 7.69 சதவீதம். ஒவ்வொரு கியரிலும் பின் வீலுக்குப் போகும் இழுவை இந்த அளவு கூடும். எண் பெரிதானாலும் இதைத்தான் "லோ கியரிங்" என்கிறார்கள். பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

இரண்டாம் பாகம்: எதை இழக்கிறோம்?

இழுவை கூடினால் வேகம் குறையும். எவ்வளவு குறையும்?

1. ஆறாவது வரிசையைக் காலியாக விடுங்கள். ஏ7-ல் "பழைய வேகம்", பி7-ல் "புதிய வேகம்" என டைப் செய்யுங்கள்.

2. ஏ8 முதல் ஏ12 வரை 20, 30, 40, 50, 60 என்று கொடுங்கள்.

3. பி8-ல் =ஏ8*பி4/சி4 என்று கொடுத்து, பி12 வரை கீழே இழுங்கள்.

முதல் விடை 18.57 சரிதான். இரண்டாவது விடை 0! மூன்றாவதில் பூஜ்யத்தால் வகுத்த பிழைச் செய்தி வரும். காரணம் இதுதான். கீழே இழுக்கும்போது ஏ8 என்பது ஏ9 ஆக மாறுவது போல, பி4, சி4 ஆகியவையும் பி5, சி5 என நகர்ந்துவிட்டன. அவை நகராமலிருக்க டாலர் குறியால் பூட்ட வேண்டும்.

பி8-ல் =ஏ8*$பி$4/$சி$4 என்று மாற்றி மீண்டும் இழுங்கள். 18.57, 27.86, 37.14, 46.43, 55.71 என வரும். முன்பு 60-ல் போன அதே இன்ஜின் சுழற்சியில் இனி 55.7 கிலோமீட்டர் வேகம்தான். பழைய வேகத்திலேயே போனால் இன்ஜின் 7.69 சதவீதம் கூடுதலாகச் சுழலும். சமதரையில் சத்தம் கூடும், மைலேஜ் குறையவும் வாய்ப்புண்டு.

இன்னும் சில எண்களைப் போட்டுப் பாருங்கள். சி2-ல் 12 கொடுத்தால் மாற்றம் 16.67 சதவீதம். 60 என்பது 51.4 ஆகிவிடும். ஸ்பிராக்கெட் சிறிதாகும்போது செயின் அதிகமாக மடங்கிச் சீக்கிரம் தேயும். ஒரு பல் குறைப்பதோடு நிற்பது நல்லது. அடுத்து சி2-ல் 14, சி3-ல் 45 கொடுங்கள். 7.14 சதவீதம் வரும். முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றே. பின்னால் கூட்டினால் செயின் நீளமும் போதாமல் போகலாம்.

மாற்றும்போது கவனிக்க

இன்ஜினை நிறுத்தி, வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். இன்ஜின் ஓடும்போது செயின் அருகே விரலைக் கொண்டுபோகக் கூடாது. பின் வீலைச் சற்று முன்னே தள்ளிச் செயினைத் தளர்த்திய பிறகே முன் ஸ்பிராக்கெட்டைக் கழற்ற முடியும். ஒரு பல் குறைவதால் முன்பிருந்த இடத்தைவிட வீல் சுமார் 3 மில்லிமீட்டர் பின்னே போகும். இரு பக்கமும் சமமாக நகர்த்தி, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்குச் செயின் தளர்வை வைக்க வேண்டும். செயின் தேய்ந்திருந்தால் செட்டாகவே மாற்றிவிடுங்கள். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் வீலிலிருந்து வந்தால் அது காட்டும் வேகம் மாறாது. கியர்பாக்ஸ் பக்கமிருந்து வந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

மச்சான் 13 பல் போட்டுக்கொண்டார். மலை வளைவுகளில் கிளட்சை அரைகுறையாகப் பிடிக்கும் வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. போளூர் சாலையில் மட்டும் முன்பைவிட மெதுவாகப் போகிறார். கணக்கு முன்பே சொல்லிவிட்டதால் அதில் வருத்தமில்லை.

உங்களுக்கு ஒரு பயிற்சி. 2016-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வண்டியில் முன் 15, பின் 38 பல். முன்னால் 14 ஆக்கினால் என்ன ஆகும்? எண்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். 7.14 சதவீதம் வந்தால் உங்கள் ஷீட் சரியாக இருக்கிறது. கண்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்தி, ஒரு பெயர் கொடுத்து சேமித்துக்கொள்ளுங்கள்.