பில்லியர்ட்ஸ்: விளையாட்டா, பொழுதுபோக்கா?

உழைப்பும் ஓய்வும் மாறி மாறி வரும் மக்கள் வாழ்க்கையில், அவ்விரண்டிற்கும் இடையே நின்று இரண்டன் பயனையும் ஒருங்கே தருவது விளையாட்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கென வகுத்து, அவற்றுள் ஒன்றாக விளையாட்டை வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஓடுதலும், பந்தெறிதலும், பல்லாங்குழியும், சதுரங்கமும் ஆகிய எல்லாம் தமிழில் விளையாட்டு என்னும் ஒரு சொல்லுள் அடங்கும். ஆங்கிலமோ 'ஸ்போர்ட்' என்றும் 'கேம்' என்றும் இரு சொற்களை வைத்துக்கொண்டு, உடற்றிறத்தால் வெல்வதைப் பெரும்பாலும் முன்னதாகவும், விதிக்குட்பட்டு ஆடும் எதனையும் பின்னதாகவும் வழங்கும். இவ்வேறுபாடு பற்றி நெடுநாளாய் நிகழும் வழக்குகளுள் ஒன்று பில்லியர்ட்ஸைப் பற்றியது. அஃது உடற்றிறம் வேண்டும் விளையாட்டோ, மாலைப்பொழுதைக் கழிக்கும் ஆட்டமோ என்பதை ஆராயப் புகுகின்றோம்.

இது வெறுஞ் சொற்போர் அன்று. விளையாட்டென ஒப்புக்கொள்ளப்பட்டவற்றுக்கே பொருளுதவியும், போட்டி மேடையும், பெற்றோரின் மனமுவந்த இசைவும் எளிதிற் கிட்டுகின்றன. 1998-ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இவ்வகை ஆட்டங்கள் இடம்பெற்றன. நம் நாட்டவரான பங்கஜ் அத்வானி 2006-ல் தோகாவிலும் 2010-ல் குவாங்சௌவிலும் பில்லியர்ட்ஸ் ஒற்றையர் ஆட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். 2014-ல் இஞ்சியோனில் நடந்த போட்டிகளிலோ இவ்வாட்டத்திற்கு இடமே இல்லை. அவ்வாண்டிலும் அவர் உலகப் பட்டம் வென்றவரே. வீரரின் திறம் குன்றவில்லை. அவர் ஏறுதற்குரிய மேடைதான் எடுபட்டது. ஒரு பெயரைப் பற்றிய ஐயம் ஒருவரின் வாழ்நாள் முயற்சியை எவ்வளவு தொடும் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

இனி இவ்வாட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஐரோப்பாவில் புல்வெளியில் நின்று கோலாற் பந்தைத் தள்ளி ஆடிய ஆட்டமே, 15-ஆம் நூற்றாண்டளவில் மாளிகையினுள் புகுந்து மேசைமேல் ஏறிற்று என்பர். மேசைமீது விரிக்கும் பச்சைத் துணி அப்பழைய புற்றரையின் அடையாளமாம். பின்னர் இதனின்று பல வகைகள் கிளைத்தன. ஆங்கிலேயரின் பில்லியர்ட்ஸ் 3 பந்துகளால் ஆடப்படுவது. அமெரிக்கர் மிகுதியாக ஆடும் வகை, எண்ணிட்ட 15 பந்துகளை ஒரு வெண்பந்தால் மோதி மேசையின் 6 குழிகளில் வீழ்த்துவது. 22 பந்துகள் கொண்ட ஸ்னூக்கர் நம் நாட்டிலேயே பிறந்தது. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்னும் படைத்தலைவர் இதனைத் தோற்றுவித்தார் என்பதும், பின்னர் நம் நீலகிரியின் உதகமண்டலத்து மன்றத்தில் இதற்கு விதிகள் எழுதப்பெற்றன என்பதும் பலரும் உடன்பட்ட வரலாறு.

இதனை விளையாட்டென ஒப்பாதார் கூறும் தடைகள் மூன்று. ஓடுதலும் வியர்த்தலும் இல்லை என்பது முதலாவது. துப்பாக்கி சுடுவோரும் ஓடுவதில்லை, வில்லாளரும் ஓடுவதில்லை. ஆயினும் குறிபார்த்துச் சுடுதல் 1896-ல் ஆதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் போட்டிகளிலேயே இடம்பெற்றது. உடலை விரைந்து இயக்குவது ஒரு திறமாயின், அதனை அசையாது நிறுத்துவதும் ஒரு திறமே. பில்லியர்ட்ஸ் ஆடுவோர் இடக்கையை மேசைமேல் ஊன்றி, கண்ணையும் கோலையும் பந்தையும் ஒரு நேர்க்கோட்டில் அமைத்து, முன்கை ஒன்றே ஊசல்போல் அசைய அடித்தல் வேண்டும். ஷெஃபீல்டு நகரில் நடைபெறும் உலக ஸ்னூக்கர் இறுதியாட்டத்தில் 18 சுற்றுகளை முதலில் வென்றவரே வாகை சூடுவர். அவ்வாட்டம் இரண்டு நாள் நிகழும். அத்துணை நேரமும் கைந்நடுக்கமின்றி நிற்றல் உடற்பயிற்சி இல்லார்க்கு அரிது.

இது சதுரங்கம்போல் அறிவினால் ஆடுவது என்பது இரண்டாவது தடை. இதற்கு எளியதோர் அளவுகோல் உண்டு. ஆடுவோர் தம் எண்ணத்தைச் சொல்ல, பிறரொருவர் அதனைச் செய்து முடிக்கலாமோ என்று வினவிப் பார்ப்போம். சதுரங்கத்தில் முடியும். காயை இன்ன கட்டத்தில் வைக்க என்று ஒருவர் சொல்ல, மற்றொருவர் எடுத்து வைத்தாலும் ஆட்டம் கெடாது. அஞ்சல் வழியாகவும் அதனை ஆடியவர் உளர். பில்லியர்ட்ஸில் அஃது இயலாது. எந்தப் பந்தை எந்தக் குழியில் வீழ்த்துவது என்று அறிதல் பாதி; அதனை வீழ்த்தி, வெண்பந்தை அடுத்த அடிக்கு ஏற்ற இடத்தில் நிறுத்துதல் மறுபாதி. பிரெஞ்சுக் கணித அறிஞர் கொரியோலி 1835-ல் இவ்வாட்டத்தின் கணிதக் கொள்கையைத் தனி நூலாகவே எழுதினார். அந்நூலைக் கரைத்துக் குடித்தவரும் கோலைக் கையிலெடுத்துப் பல்லாண்டு பழகினாலன்றி ஆட்டக்காரர் ஆகார். அறிவு வழிகாட்ட, வெற்றியைக் கை முடிவு செய்யுமிடத்து அது விளையாட்டே. பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தில் உடலியக்கம் மிகச் சிறிதாதலின், வரிச் சட்டம் கருதும் 'ஸ்போர்ட்' அஃதாகாது என்று 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினும் பில்லியர்ட்ஸ் சீட்டாட்டத்தோடு ஒருங்கு வைத்து எண்ணப்படாது.

சூதாடுவோர் கூடுமிடத்து ஆடப்படுவது என்பது மூன்றாவது தடை. அமெரிக்காவில் ஆடப்படும் வகைக்கு வழங்கும் பெயரே, ஆடுவோர் சேர்த்து வைக்கும் பணயத் தொகையைக் குறிக்கும் சொல்லினின்று வந்தது. இவ்விழுக்கை யாம் மறைக்கவில்லை. சூதின் கேட்டை விளக்க வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அக்கேடு பணயத்தைச் சார்ந்ததேயன்றி மேசையைச் சார்ந்ததன்று. குதிரைப் பந்தயத்திலும் கிரிக்கெட்டிலும் பணயம் வைப்போர் உளர். அதனாற் குதிரையேற்றமும் கிரிக்கெட்டும் விளையாட்டல்ல என்பார் யாருமிலர்.

நம் நாடு இதனை முன்னரே உணர்ந்தது எனலாம். வில்சன் ஜோன்ஸ் 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்று நாட்டிற்குப் பெருமை தேடித் தந்தார். 'கேல் ரத்னா' விருதை முதன்முதற் பெற்றவர் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த். அவருக்கு அடுத்து, 1992–93-ஆம் ஆண்டிற்குரிய விருதைப் பெற்றவர் பில்லியர்ட்ஸ் வீரர் கீத் சேத்தி. ஒலிம்பிக் போட்டிகளிலோ இவ்வாட்டம் இன்னும் இடம்பெற்றதில்லை.

அங்ஙனமாயின் கோலைத் தொட்டார் அனைவரும் விளையாட்டு வீரரோ எனின், அல்லர். கடற்கரையில் உலாவுதலும் நடைதான். ஒலிம்பிக் நடைப் போட்டியும் நடைதான். ஒன்று பொழுதுபோக்கு, மற்றொன்று விளையாட்டு. பயிற்சியும், விதியும், போட்டியும், தன்னடக்கமும் கூடியவிடத்துப் பில்லியர்ட்ஸ் விளையாட்டாகும். இவை இல்லாதவிடத்து அஃது இன்பந்தரும் ஆட்டமாய் நிற்கும். அதுவும் தன்னளவில் இழிந்ததன்று. ஒரே மேசை இருவகையார்க்கும் இடந்தரும் என்பதே எம் துணிபு.

இவ்வாட்டக்காரரிடையே போற்றப்படும் வழக்கம் ஒன்றுண்டு. ஆடும்பொழுது சட்டையின் நுனியோ விரலோ பந்தின்மேல் அறியாமற் பட்டுவிடின் அது பிழையாகும். நடுவர் அதனைக் காணாதவிடத்தும், ஆடியவரே 'பிழை செய்தேன்' என்று சொல்லிக் கோலைத் தாழ்த்திவிடுவர். எதிரிக்கு ஆட்டம் போய்விடும் என்று தெரிந்தே அதனைச் செய்வர். பிறர் காணாதபோதும் விதிக்கு அடங்கி நிற்கக் கற்பிப்பது எதுவோ, அதற்கு விளையாட்டு என்னும் பெயரை மறுத்தற்கு நமக்கு நியாயமில்லை.