கடல் நடுவே கொதிக்கும் எஞ்சின்

மாணவர்களே, சுற்றிலும் கடல்நீர் இருக்க, படகின் எஞ்சின் ஏன் சூடேறிக் கொதிக்க வேண்டும்?

பூந்தமல்லி சாலையில் ஓடும் லாரியைப் பாருங்கள். எஞ்சினின் வெப்பத்தை நீர் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறது; அங்கே காற்று அதை வாங்கிக்கொள்கிறது. காசிமேட்டு விசைப்படகின் எஞ்சினோ படகின் வயிற்றில் அடைபட்டுக் கிடக்கிறது, காற்று போதாது. ஆகவே பல படகுகளில், பம்பு இழுக்கும் கடல்நீர், எஞ்சினுள் சுற்றும் நன்னீரின் வெப்பத்தைக் குழாய்ச் சுவர் வழியாகப் பெற்று, புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது.

எஞ்சின் மிகவும் சூடானால், முதலில் வெளியேறும் நீரைக் கவனிக்க வேண்டும். அது குறைந்திருந்தால் கோளாறு கடல்நீர்ப் பாதையில் உள்ளது. வடிகட்டியைப் பிளாஸ்டிக் பை அடைத்திருக்கலாம். பம்பின் ரப்பர் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம். நீர் சரியாக வந்தால் நன்னீர்ப் பக்கம் தேடவேண்டும். அங்கே நீர் குறைந்திருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

ஆனால் நன்னீர்த் தொட்டியின் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது! பிரஷர் குக்கரைப் போல உள்ளே அழுத்தம் மிகுதி. அதனால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறையும். நீர் அக்கணமே கொதித்து முகத்தில் பீறிடும். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்ட பிறகே திறக்கலாம். ஆவி கக்கி நிற்கும் லாரிக்கும் இதே விதிதான்.