வெல்டர் பிரிவில் சேரும் முன்

எட்டாம் வகுப்பு தேறியிருந்தாலே ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவில் சேரலாம். ஓராண்டுப் படிப்பு. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.க்களில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் பத்தாவது முடித்துவிட்டு, பின்னால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அதற்கு இரண்டாண்டு ஐ.டி.ஐ. வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு ஃபிட்டர் பிரிவே மேல். ஃபிட்டர் படித்து வெல்டிங்கும் கைவந்தவரை ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் லேசில் விடாது.

ஆரம்பத்தில் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். பெரும்பாலும் கரண்ட் போதாததுதான் காரணம். 3.15 மி.மீ. 6013 ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் வரை வைக்கலாம். பாக்கெட் மேலேயே அச்சிட்டிருக்கும், படிப்பவர்தான் இல்லை. 7018 ராடு வேறு சாதி. ஈரம் பட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் இறங்கி, ஆறிய பிறகு விரிசல் விடும். அதனால்தான் அதை ஓவனில் காயவைத்து, சூடு போவதற்குள் எடுத்து அடிக்கிறார்கள்.

கிடைமட்டத் தகட்டில் அழகாக வரி ஓட்டுவதோடு திருப்திப்பட்டு வருடத்தை முடிப்பவர்கள்தான் அதிகம். அது 1ஜி. கேட்டும் கிரில்லும் அடிக்க அது போதும். செங்குத்தாக அடிப்பது 3ஜி, தலைக்கு மேல் அடிப்பது 4ஜி, 45 டிகிரி சாய்ந்து அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றி அடிப்பது 6ஜி. திருச்சி பெல்லைச் சுற்றியுள்ள கொதிகலன் வேலையானாலும் வளைகுடா பைப்லைன் ஆனாலும், வாசலில் சான்றிதழைப் பார்த்துவிட்டு அடுத்து கையில் கொடுப்பது டெஸ்ட் பீஸைத்தான். அடித்ததைத் துண்டு போட்டு வளைப்பார்கள். 3 மி.மீ.க்கு மேல் விரிசல் வாய் திறந்தால் ஃபெயில். மேலே பளபளக்கும் வரியை யாரும் பாராட்டமாட்டார்கள். அடியில், இரண்டு துண்டும் சேரும் இடத்தில், ரூட் இறங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே பயிற்சித் தகடு எத்தனை கிடைத்தாலும் ரூட்டுக்கே செலவழியுங்கள்.

ஃபேப்ரிகேஷனில் பாதி வேலை டேப்பிலும் மூலைமட்டத்திலும் முடிந்துவிடும். சட்டம் ஒன்று செய்கிறீர்கள் என்றால் நாலு மூலையிலும் டேக் (சிறு பொட்டு வெல்டு) வைத்து, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால்தான் முழு வெல்டு. அப்போதும் ஒரு பக்கமாகவே அடித்துக்கொண்டு போனால் ஆறும்போது இரும்பு சுருங்கி, சட்டம் முறுக்கிக்கொள்ளும். இந்த மூலையில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். டிராயிங் படிக்கத் தெரிந்தவருக்குப் பட்டறையில் கூலியும் கூடும், குரலும் கூடும்.

உடம்பு விஷயம். ஆர்க்கை வெறுங்கண்ணால் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். உருளைக்கிழங்கு வில்லை வைக்கச் சொல்வார்கள். அதை நம்பாமல் கண் மருத்துவரிடம் போங்கள். பாலியெஸ்டர் சட்டை பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி போடுங்கள். ஜி.ஐ. பைப்பில் அடிக்கும்போது துத்தநாகப் புகை வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். கேஸ் வெல்டிங்கில் கறுப்பு சிலிண்டர் ஆக்சிஜன், அரக்குச் சிவப்பு அசிட்டிலின். ஆக்சிஜன் வால்வில் எண்ணெய்க் கை படவே கூடாது.

படிப்பு முடிந்ததும் தெரு முனைப் பட்டறையில் தினக்கூலிக்கு உட்காராமல், முதலில் பெரிய ஆலைகளின் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் அப்போதே எழுதிப் போட்டுவிடுங்கள்.