கையுறை ஏன் வண்டியில் தொங்கியது?

கேள்வி: கொரோனா காலத்தில் எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வந்த அக்கா, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டிருப்பார். கையுறை வண்டியின் கைப்பிடியில் தொங்கும். கொடுத்ததைப் போட்டுக்கொள்ளாதது அலட்சியம்தானே?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அந்தக் கையுறையை ஒரு தடவை மாட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். பல இடங்களில் எல்லோருக்கும் ஒரே அளவுதான். சின்னக் கை உள்ள பெண்ணுக்கு விரல் நுனியில் ரப்பர் மடங்கித் தொங்கும். அதோடு, இறுக்கி முடிச்சுப் போட்ட கேரி பேக்கை அவிழ்க்க முடியாது. பழைய சோற்றுக்குள் கிடக்கும் ஷாம்பு பாக்கெட்டைப் பிரித்தெடுக்கவும் முடியாது. அடுத்த தெரு காத்திருக்கிறது. கழற்றி மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார்.

மாஸ்க் இன்னும் சிரமம். மே மாத வெயிலில் வண்டி தள்ளினால் கொஞ்ச நேரத்திலேயே துணி நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஈரமான மாஸ்க்கை மாற்றிவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு ஒன்றுதான் கையில் என்றால் எதை மாற்றுவது? மூச்சு முட்டுகிறது, இறக்குகிறார். இறக்குவதோ குப்பை அள்ளிய அதே கை. அது முகத்தைத் தொடும் அந்த நொடிக்குத்தான் பயப்பட வேண்டும்.

கையுறை, மாஸ்க், காலணி, மழைக்கோட்டு, ஒளிரும் மேற்சட்டை எல்லாம் தரப்பட வேண்டும் என்று கொரோனாவுக்கு 4 ஆண்டுகள் முன்பே, 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. பணியாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்களா என்று உறுதிசெய்யும் பொறுப்பையும் அந்த விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடமே கொடுத்தன. பொருளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது.

உறுதிசெய்வது என்றால் அபராதம் போடுவதா? வங்கதேசத்தில் 2020 கடைசியில் 600 கிராமங்களில் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று வேறு வழியைக் காட்டியது. மாஸ்க்கை வீடு தேடிப் போய் இலவசமாகக் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்களையும் இமாம்களையும் முதலில் போட வைத்தார்கள். போடாமல் வந்தவரிடம் நேரில் நின்று அன்பாகச் சொன்னார்கள். சரியாக மாஸ்க் அணிந்தவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். கூடுதலாக அனுப்பிய குறுஞ்செய்திகளால் பலன் கூடவில்லை. அது கிராம மக்களிடம் நடந்த ஆய்வுதான் என்றாலும், அதிகாலை வருகைப் பதிவுக்கு நிற்கும் பணியாளர்களுக்கும் பொருந்தும். மேஸ்திரி தன் மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பெயர் கூப்பிட்டால் எந்தச் சுற்றறிக்கையும் எடுபடாது.

கொடுத்தால் மட்டும் போதாது என்பது தடுப்பூசிக்கும் பொருந்தும். இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று முதல் கொரோனா தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தூய்மைப் பணியாளர். அந்த மரியாதை மெத்தச் சரி. ஆனால் ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலில் படுத்தால் தினக்கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு என்று கூடவே சொன்னால்தான் அவர் நிம்மதியாகக் கையை நீட்டுவார்.

வீட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வீடுகளில் கழற்றிய மாஸ்க்கை வெட்டி, காகிதப் பையில் 72 மணி நேரமாவது வைத்திருந்து, பிறகு உலர்குப்பையில் போடச் சொன்னது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எத்தனை வீடுகளில் அது சாம்பார்க் கழிவோடு சேர்ந்தே போனது! அதைப் பிரித்தது அந்த அக்காவின் வெறும் விரல்கள்தான்.

அடுத்த முறை காய்ச்சல் பரவும்போது வாசற்படி ஓரம் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைக்கலாம். தெருவில் அவருக்குக் கை கழுவக் குழாய் கிடையாது. டீ குடிப்பதும் அதே கையால்தான்.