கண்காணிப்பும் தனியுரிமையும்

நுழையும்முன்

வீட்டுக்குத் தாழ்ப்பாள் இடுவது கள்வருக்கு அஞ்சி மட்டுமன்று. உள்ளே அமைதியாக வாழ்வதற்காகவும்தான். கையிலுள்ள திறன்பேசிக்கு அத்தகைய தாழ்ப்பாள் உண்டா? இணையத்தில் நாம் விட்டுச்செல்லும் தடங்களைத் திரட்டுவோர் யாவர், சட்டம் நமக்கு அளிக்கும் காப்பு யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு

உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங், கொள்ளை வழக்கொன்றில் கைதாகிப் போதிய சான்று இன்மையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் காவல்துறை அவரைத் தொடர்ந்து கண்காணித்தது. காவலர்கள் இரவில் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர் தொடுத்த வழக்கில் 1962ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், இரவில் வீடு தேடிச் செல்வதற்கு இடமளித்த விதியை நீக்கியது. எனினும், தனியுரிமை அரசமைப்புச் சட்டம் உறுதியளித்த உரிமையன்று எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். தனிமனித உரிமையின் இன்றியமையாக் கூறு தனியுரிமை என்று நீதிபதி கே. சுப்பாராவ் மாறுபட்டு எழுதினார்.

ஓசையற்ற கண்காணிப்பு

கரக் சிங்குக்குக் கதவு தட்டும் ஓசையாவது கேட்டது. இன்றைய கண்காணிப்புக்கு ஓசையில்லை. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஒப்பந்தப் பணியாளர் எட்வர்டு ஸ்நோடென் 2013இல் வெளிப்படுத்திய ஆவணங்கள், அவ்வமைப்பு பல இலட்சம் மக்களின் தொலைபேசி அழைப்புக் குறிப்புகளைத் திரட்டியதைக் காட்டின. யார், யாருடன், எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்பனவே அக்குறிப்புகள். ஒருவர் காலையில் புற்றுநோய் மருத்துவமனைக்கும், நண்பகலில் வங்கியின் கடன் பிரிவுக்கும், இரவில் நெடுநேரம் தம் தாய்க்கும் பேசியிருந்தால், பேச்சைக் கேளாமலே அவர் துயரை அறிந்துகொள்ளலாம்.

வணிக நிறுவனங்களும் இவ்வாறே தரவுகளைத் திரட்டுகின்றன. முகநூலில் இயங்கிய ஆளுமைத் தேர்வுச் செயலி ஒன்றை ஏறத்தாழ 2,70,000 பேர் பயன்படுத்தினர். அவர்களுடைய நண்பர்களின் தரவுகளையும் அச்செயலி எடுத்துக்கொண்டது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தை அடைந்த அத்தரவுகள் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை உரியனவாக இருக்கலாம் என 2018இல் முகநூல் நிறுவனமே கணித்தது. ஒருவர் தந்த இசைவு, பலருடைய வாழ்வைத் திறந்துவிட்டது.

அடிப்படை உரிமை

கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் உச்சநீதிமன்றத்தை நாடினார். தனியுரிமை அடிப்படை உரிமையன்று என அரசு பழைய தீர்ப்புகளைச் சுட்டி வாதிட்டது. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று, அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழ்வு, தனிமனித உரிமை ஆகியவற்றின் பகுதியே தனியுரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சுப்பாராவின் கருத்து ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் நாட்டின் சட்டமாயிற்று. இவ்வுரிமை எல்லையற்றதன்று; ஆனால் இதனைக் கட்டுப்படுத்த விழையும் அரசுக்குச் சட்டமும் தக்க நோக்கமும் அளவுமீறாமையும் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் இசைவைக் கோருகிறது. அதேவேளையில், அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது.

மறைக்க ஏதுமில்லையா?

“தவறு செய்யாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?” எனச் சிலர் வினவுவர். நாட்குறிப்பை மூடிவைப்பவர் குற்றவாளி அல்லர். தம்மை ஒருவர் உற்றுநோக்குகிறார் என அறிந்தவர், நோயைப் பற்றித் தேடவும் மாற்றுக்கருத்தைப் படிக்கவும் ஐயத்தை வினவவும் தயங்குவார். அத்தயக்கம் நாளடைவில் சிந்தனையையே சுருக்கிவிடும். குற்றங்களைத் தடுக்கக் கண்காணிப்புத் தேவைப்படலாம். ஆனால், கண்காணிப்போரையும் சட்டம் கண்காணிக்கும் நாட்டில்தான் குடிமக்கள் அச்சமின்றிச் சிந்திக்க இயலும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுத் திறன்பேசியிலுள்ள ஐந்து செயலிகள் கோரும் அனுமதிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் தேவையற்றவை எவை என விளக்குக.
2. ‘நாட்டின் பாதுகாப்பும் தனியுரிமையும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.